மகேந்திரனா, பாலு மகேந்திராவா: ஞாயிற்றுக்கிழமை வம்பு

கரிசல்காட்டான்:
நேற்று நாள் முழுக்க மழை. அதிசயமாக கரண்ட் போகவில்லை. காலையில் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ பார்த்தேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து பாலு மகேந்திராவின் ‘வீடு’. இரண்டும் ஏற்கெனவே பார்த்த படங்கள்தான், ஆனால் ஒரே நாளில் பார்த்தது இதுவே முதல்முறை. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மகேந்திரன் ஒரு படி மேல். பாலு மகேந்திரா மிக நல்ல ஒளிப்பதிவாளர், அதில் சந்தேகமே இல்லை. இயக்குநர் என்று வரிசை கட்டினால் மகேந்திரனுக்குப் பின்னால்தான் நிற்பார்.

‘உதிரிப்பூக்கள்’ சுந்தரவடிவேலுவை நினைத்துப் பாருங்கள். ஊரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவன். கொடுமைக்காரன், ஆனால் நம் சினிமா வில்லன் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டு திரிய மாட்டான். கடைசியில் ஊரே அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தான் செய்ததிலேயே பெரிய தப்பு உங்களையெல்லாம் என்னைப் போல ஆக்கியதுதான் என்கிற பொருளில் பேசிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள். செத்துத் தொலையட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்த நமக்கு, அவன் இறங்கும்போது வயிற்றைப் பிசைகிறது. இதை 1979இல் எடுத்திருக்கிறார் மனுஷர்.

மேட்னிஷோ:
‘நல்ல ஒளிப்பதிவாளர்’ என்று மாலை போட்டு ஓரமாக உட்கார வைப்பது பழைய பல்லவி, தலைவரே. மகேந்திரனின் முதல் படம் ‘முள்ளும் மலரும்’. அதற்குக் கேமரா யார்? பாலு மகேந்திராதான். அவரைக் கூட்டிவந்து சேர்த்தது கமல். அந்த மலை, அந்தப் பனி, ஷோபாவின் முகத்தில் விழுகிற வெளிச்சம் எல்லாம் அவர் தந்தது. மகேந்திரன் அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? ‘தங்கப்பதக்கம்’ எழுதினார். சிவாஜி பக்கம் பக்கமாக வசனம் பேசிய படம். அப்படி எழுதியவர் 1978இல் திடீரென்று மௌனத்தின் கலைஞனாக எப்படி மாறினார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கரிசல்காட்டான்:
யோசித்தேன். ‘உதிரிப்பூக்கள்’, ‘ஜானி’, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ மூன்றுக்கும் கேமரா அசோக்குமார். மூன்றிலும் அதே மௌனம் இருக்கிறது. கேமராமேன் மாறியும் படத்தின் குணம் மாறவில்லை என்றால் அது யாருடைய குணம்? நீங்களே சொல்லுங்கள்.

தங்கப்பதக்கத்தைப் பற்றி: வயிற்றுப்பாட்டுக்கு எழுதியது அது. வசனத்தையும் டூயட்டையும் வைத்து ஓட்டுகிற சினிமா அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே நம் படங்களைக் கிழித்தவர். அதைக் கேட்டுப் பாராட்டியவரும் எம்.ஜி.ஆர்தான் என்பது வேறு கதை.

பின்பெஞ்சு:
இரண்டு பேர் படமும் எனக்குத் தூக்க மாத்திரை. பேசாமல் படம் எடுப்பதுதான் பெரிய வித்தை என்றால் 1987இல் ஒரு வசனம்கூட இல்லாமல் ‘பேசும் படம்’ எடுத்த சிங்கீதம் சீனிவாச ராவுக்கல்லவா சிலை வைக்க வேண்டும்? அதில் மௌனமும் உண்டு, வயிறு வலிக்கச் சிரிப்பும் உண்டு. அவரே மூன்று வருஷம் கழித்து ‘மைக்கேல் மதன காமராஜன்’ எடுத்து, வாயை மூடாமல் பேசுகிற படமும் தனக்கு வரும் என்று காட்டிவிட்டார். நீங்கள் தொடருங்கள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

வாவிக்கரை:
மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பாலு மகேந்திரா எங்கள் அமிர்தகழிக்காரர், அதனால் நான் நடுநிலை என்று பொய் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். இயக்குநர் ‘ரெயின்’ என்று கத்த மழை பெய்ததாம். அந்த நொடியில் தானும் இயக்குநராக வேண்டும் என்று முடிவெடுத்ததாகப் பலமுறை கதைத்திருக்கிறார். ஒளிப்பதிவுக்காகச் சினிமாவுக்கு வந்தவர் அல்ல அவர். இயக்குநராக ஆசைப்பட்டு, பிறகு புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். கரிசல்காட்டான் அண்ணன் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

கரிசல்காட்டான்:
ஆசை யாருக்கும் இருக்கலாம் தம்பி. எடுத்த படத்தைப் பார்ப்போம். ‘நீங்கள் கேட்டவை’ என்று ஒரு மசாலாவை எடுத்து, பழியை ரசிகன் தலையில் தலைப்பிலேயே கட்டியவர் அவர். ‘ரெட்டை வால் குருவி’ ஆங்கிலப் படத்தின் தழுவல். ‘மூன்றாம் பிறை’ எவ்வளவு நல்ல படம்! அதற்குள் ‘பொன்மேனி உருகுதே’ எதற்கு?

மேட்னிஷோ:
அப்படித் தோண்ட ஆரம்பித்தால் ‘அழகிய கண்ணே’ என்று ஒரு பேய்ப் படம் எடுத்தவர் உங்கள் மகேந்திரன். ‘கை கொடுக்கும் கை’யை நீங்கள் எத்தனை முறை பார்த்தீர்கள்? உள்ளதைச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
ஒருமுறை. பாதி. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

செம்பருத்தி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ‘உதிரிப்பூக்க’ளில் பல வருஷமாக ஓர் உறுத்தல் உண்டு. சுந்தரவடிவேலுவின் மனைவி லட்சுமி நோயாளி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு செத்துப்போகிறாள். அவள் தங்கை செண்பகத்தை அவன் மானபங்கம் செய்கிறான், அதன் பிறகுதான் ஊருக்குக் கோபம் வருகிறது. அதாவது ஊர் ஆண்களுக்கு ரோஷம் வருவதற்கு ஒரு பெண்ணின் உடம்பு தேவைப்படுகிறது. அதற்கு அப்புறம் செண்பகம் என்ன நினைத்தாள் என்று படம் கேட்பதில்லை, ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறது.

‘முள்ளும் மலரும்’ முடிவும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் புறப்பட்ட வள்ளி பாதியில் அண்ணனிடம் ஓடிவந்து விடுகிறாள். தங்கை தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று காளிக்குப் பெருமை, பிறகு அவனே மனமிரங்கி அனுமதி தருகிறான். தியேட்டர் கைதட்டுகிறது. எனக்கு மட்டும் கை வரவில்லை.

‘வீடு’ படத்தின் சுதாவைப் பாருங்கள். ஆபீஸ் போகிறாள், லோன் கேட்டு அலைகிறாள், மனையில் ஒரு பகுதியை விற்கிறாள், கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நிற்கிறாள். யாரும் அவளுக்காக ஆற்றங்கரையில் கூடவில்லை. எனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டால், அந்த ஒரு படத்துக்காகவே பாலு மகேந்திரா.

கரிசல்காட்டான்:
செண்பகம் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்றும் பார்த்தேன், இது தோன்றவே இல்லை.

வள்ளி விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. காளி அனுமதி கொடுக்கிறான், ஆனால் இன்ஜினியர் மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேராக, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். வேறு யார் எடுத்திருந்தாலும் அண்ணனும் இன்ஜினியரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். ஆள் திருந்தவே இல்லை என்று சொல்லிப் படத்தை முடிக்கிற தைரியம் அது. உமா சந்திரனின் நாவலில் காளியின் கையைப் புலி கடித்துவிடும். மகேந்திரன் அதை லாரி ஆக்கினார். காளியாக நடித்த ரஜினி புலியோடு கட்டிப்புரளுகிற காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள், எவன் விட்டிருப்பான்? கிடைத்ததையெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர் அவர். ‘உதிரிப்பூக்க’ளுக்குப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்தும் சொற்பமாகத்தான் எடுத்துக்கொண்டார், டைட்டிலில் மட்டும் மறக்காமல் பெயர் போட்டார்.

இப்போது ‘வீடு’ பற்றி என் குறை. சுதாவின் தாத்தா செத்ததோடு படம் முடிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அதிகாரியைக் கூட்டிவந்து, இந்த மனை குடிநீர் வாரியத்துக்கு என்று கையகப்படுத்திய இடம் என்று சொல்ல வைத்து, பட்ட காலிலேயே இன்னொரு அடி. மகேந்திரனாக இருந்தால் அதற்கு முன்பே நிறுத்தியிருப்பார்.

மேட்னிஷோ:
நீங்கள் வீடு கட்டியதில்லை என்று ஒரே வரியில் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

நாங்கள் கட்டினோம். மதுரைக்கு வெளியே, இரண்டரை சென்ட். அப்பா காலையில் ஷிப்டு போய்விடுவார், வேலையை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய் சிமென்ட் மூட்டையை எண்ணிவிட்டு வருவாள். ஒருநாள் ஏழு மூட்டை குறைந்தது. மேஸ்திரியைக் கேட்டால் பூச்சுக்குப் போயிற்று என்றார். அப்போது பேஸ்மட்டமே முடியவில்லை, எந்தச் சுவரைப் பூசினார்களோ! சென்ட்ரிங் அடித்தபிறகு அந்த ஆள் ஒரு மாதம் வரவே இல்லை. பலகை வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக மின் இணைப்புக்குப் போனால், வரைபடத்தில் ரோடு வேறு பக்கம் இருக்கிறது என்றார்கள். அதனால் அதிகாரி வந்து நிற்கிற காட்சி உங்களுக்குக் கூடுதல் சோகமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அந்தக் காட்சி வந்தபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சிமென்ட் திருட்டை சுதாவிடம் சொல்வது யார்? சித்தாள் மங்கம்மா. அந்த வேலைத்தளத்தில் சுதா பக்கம் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்காதவனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாலு மகேந்திரா சாலிகிராமத்தில் நிஜமாகவே கட்டடம் எழுப்பி எடுத்தார். படத்தில் பாட்டு கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்திலிருந்து எடுத்த இசைதான் பின்னணியில் ஓடுகிறது. அடக்கம் என்றால் மகேந்திரனுக்கு மட்டும் பட்டா போட்டுக்கொடுக்காதீர்கள்.

வாவிக்கரை:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலக்கியத்தை மகேந்திரன்தான் சினிமாவுக்குக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் கதைக்கிறார்கள். டிவியில் ‘கதை நேரம்’ என்று வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையைப் படமாக்கியவர் யார்? பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி எல்லோரும் அவரிடம் இருந்து வந்தவர்கள். நா. முத்துக்குமாரும் அங்கே உதவி இயக்குநராக இருந்தவர்தான். மகேந்திரன் பள்ளியிலிருந்து யார் வந்தார்கள்?

கரிசல்காட்டான்:
பள்ளிக்கூடம் வைத்து நடத்தியதால் நல்ல வாத்தியார் என்று சொல்லலாம். நல்ல இயக்குநர் என்பது வேறு கணக்கு. மகேந்திரன் மொத்தமே பன்னிரண்டு படம்தான் எடுத்தார். உதவி இயக்குநர்களுக்கு அங்கே என்ன வேலை கிடைத்திருக்கும்?

சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டு யாரும் தொங்க வேண்டாம். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அந்தப் பெரியவர் குடையோடு வருவாரே, தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். பேச்சே இல்லை. அந்த இடத்தில் மட்டும் படத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தேன். ‘உதிரிப்பூக்க’ளில் எந்த இடத்திலும் அப்படி நிறுத்தவில்லை.

மேட்னிஷோ:
ஆஹா.

கரிசல்காட்டான்:
தொங்க வேண்டாம் என்றேன். ஒரு காட்சிக்காக வரிசை மாறாது. மகேந்திரன்தான் மேல்.

செம்பருத்தி:
எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தில் காலையில் சுஹாசினி ஓடிக்கொண்டே இருப்பார், கேமராவும் கூடவே ஓடும். அந்த வயதில் அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு வாரம் விடிகாலையில் ஓடினேன். தெருநாய் துரத்தியதில் நிறுத்தினேன். அந்த ஒரு வாரத்துக்காக மகேந்திரன் மேல் எனக்குக் கோபமே வராது.

பின்பெஞ்சு:
டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் உங்கள் சண்டையைப் படித்துவிட்டு ‘வீடு’ போட்டேன். தூக்கம் வரவில்லை, அதற்கு நன்றி. சிமென்ட் மூட்டை சண்டை வரும்போது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ‘இது எப்போ எடுத்தது?’ என்றார். 1988 என்றேன். நம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்தது, கடன் வாங்கிய ஆளின் முகம், கிரகப்பிரவேசத்தன்று ஜன்னலுக்குக் கதவு இல்லாமல் போர்வை கட்டியது என்று ஆரம்பித்தார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. படம் பாதியில் நிற்கிறது, மீதி நாளைக்கு.

எல்லாம் சரி. தாத்தா செத்துவிடுவார் என்பதை எதற்கு ஐயா இப்படிப் பகிரங்கமாகப் போட்டு உடைத்தீர்கள்?

கரிசல்காட்டான்:
படம் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, தம்பி.

பின்பெஞ்சு:
எனக்கு நேற்றுதானே வந்தது.