புதுப்பிப்பு: மல்டிபிளையர் பூட்டிய ஐ5-2400 இப்போது 3.7 கிகாஹெர்ட்ஸில்

போன மாதம் கேட்டிருந்தேன்: என் கணினியில் இன்டெல் கோர் ஐ5-2400 பிராசசர், எச்61 மதர்போர்டு, மல்டிபிளையர் (அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கி சிப்பின் வேகத்தைத் தரும் எண்) பூட்டு, வேகத்தைக் கூட்ட வழி உண்டா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வேலை முடிந்தது.

பலித்தது "முதலில் போர்டை மாற்றுங்கள்" என்ற யோசனைதான். சாண்டி பிரிட்ஜில் (என் சிப்பின் தலைமுறை) பெயரில் 'கே' (பூட்டில்லாத வகை) இல்லாத ஐ5 சிப்பையும் டர்போவுக்கு (சிப் தேவைப்படும்போது தானாக ஏறும் கூடுதல் வேகம்) மேல் நான்கு படி ஏற்றலாம். ஆனால் பி67, இசட்68 போன்ற போர்டு வேண்டும். எச்61-இல் அந்த வசதி கிடையாது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கி பழைய இசட்68 ஒன்றைப் பிடித்தேன். கடைக்கார அண்ணன் டார்ச் அடித்து சாக்கெட் பின்களைக் காட்டிய பிறகுதான் காசு கொடுத்தேன். பழைய போர்டு வாங்குபவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) டர்போ மல்டிபிளையர் 38. ஒரு கோர் மட்டும் ஓடினால் 3.8 கிகாஹெர்ட்ஸ், நான்கும் ஓடினால் 3.6 (அப்போது மல்டிபிளையர் 36). டர்போவை அணைத்துவிடாதீர்கள், இந்த நான்கு படியும் அதன் வழியாகத்தான் வருகிறது.

எதிர்பாராதது பேஸ் கிளாக், அதாவது மல்டிபிளையர் பெருக்கும் அந்த 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம். 110 வரை போகும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு 105-இலேயே ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. ஹார்ட் டிஸ்க் இணையும் சாட்டா, கார்டுகள் இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே கடிகாரத்தோடு கட்டுண்டவை, அதுதான் காரணம். 103-இல் உறுதியாக நிற்கிறது: நான்கு கோரும் ஓடும்போது 36 × 103 = 3708 மெகாஹெர்ட்ஸ். கூடவே ராம் (நினைவகம்) வேகமும் 1333-இலிருந்து 1373 ஆனது.

கூலரைக் கழற்றியபோது பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதிதாகத் தடவி, சிப்பை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95-ஐ நான்கு மணி நேரம் ஓட்டினேன். அதிகபட்சம் 72 டிகிரி, ஒரு பிழைகூட இல்லை. வோல்டேஜைத் தொடவே இல்லை.