416 எண்ணில் வரும் மோசடி அழைப்புகள்: அம்மாவின் லேண்ட்லைனுக்கு என்ன செய்யலாம்?

ஸ்கார்பரோவில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கோ.

அம்மாவுக்கு 74 வயது, பழைய லேண்ட்லைன்தான் வைத்திருக்கிறா. ஒரு மாதமாக எங்கள் டொராண்டோ பகுதிக் குறியீடான 416இல் தொடங்கும் அழைப்புகள் வருகின்றன. முதல் ஆறு இலக்கமும் எங்கள் எண்ணைப் போலவே இருக்கும், கடைசி நான்குதான் வேறு. பக்கத்துத் தெரு ஆட்கள் என்று நினைத்து எடுத்துவிடுகிறா. போன செவ்வாய்க்கிழமை ஒருவன், "கிராண்ட்மா, என்னைப் பொலிஸ் பிடித்துவிட்டது, ஜாமீனுக்குக் காசு வேண்டும்" என்று ஆங்கிலத்தில் அழுதானாம். "என்ர பேரன் அம்மம்மா என்றுதான் கூப்பிடுவான்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டா. ஆனால் அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

அந்த எண்ணுக்கு நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு வயதானவர் எடுத்தார், அவருக்கு ஒன்றுமே தெரியாது, பாவம். அவருடைய எண்ணைக் காட்டி யாரோ அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணாக பிளாக் செய்து பயனில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அழைப்பு எண்ணைச் சரிபார்க்கும் ஸ்டர்/ஷேக்கன் முறை 2021 நவம்பர் 30 முதல் கனடாவில் கட்டாயம். ஆனால் அது இணையவழி (ஐபி) அழைப்புகளுக்குத்தான், பழைய செப்புக் கம்பி இணைப்புக்கு உதவாது.

கனேடிய மோசடித் தடுப்பு மையத்துக்கு (1-888-495-8501) அறிவித்துவிட்டேன்.

தெரிந்த எண்களை மட்டும் ஒலிக்கவிடும் பெட்டியை லேண்ட்லைனில் யாராவது பூட்டியிருக்கிறீர்களா? டாக்டரின் கிளினிக் வெவ்வேறு எண்களில் இருந்து எடுக்கும், அது தவறக்கூடாது. அப்புறம், எண்ணை மாற்றாமல் இணைய ஃபோனுக்கு மாறியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கோ. அந்த எண் அம்மாவிடம் 22 வருடமாக இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் அதுதான் தெரியும்.