அரசு நிலம் அதிக விலை எழுதியவருக்கே போக வேண்டுமா?

ஈசூன்காரன்:
எங்கள் புளோக்குக்கு எதிரே இருந்த புல்வெளியைச் சுற்றிப் பச்சைத் தகரம் அடித்துவிட்டார்கள். பையன்கள் பந்து விளையாடிய இடம், கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வருகிறதாம். சிங்கப்பூரில் 1966இல் வந்த நில எடுப்புச் சட்டத்தை வைத்து எத்தனையோ பேரிடம் மலிவாக நிலத்தை எடுத்தார்கள், பொது நன்மைக்கு என்றார்கள். இன்று அரசு நிலம் ஏலக்குத்தகையில் (விலையை எழுதிப் போடும் ஏலம்) யார் அதிகம் எழுதுகிறாரோ அவருக்கு. அந்த விலை கடைசியில் வீடு வாங்குகிறவன் தலையில்தானே விடிகிறது?

கணக்கு மணி:
தலைகீழாகப் பார்க்கிறீர்கள் அண்ணே. வீடு என்ன விலைக்குப் போகும் என்று கட்டுமானக் கம்பெனிக்காரன் முதலில் பார்ப்பான், அதில் கட்டுமானச் செலவு, வட்டி, லாபம் எல்லாம் கழித்து மிஞ்சுவதைத்தான் நிலத்துக்கு எழுதிப் போடுகிறான். நிலத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தால் வீட்டையும் பாதி விலைக்கு விற்பானா? மிச்சத்தை அவனே அள்ளிக்கொண்டு போவான். ஏலம் விட்டால் பொதுப்பணத்தில் சேருகிறது. கொடுப்பதும் பெரும்பாலும் 99 வருடக் குத்தகைதான். வாங்கிச் சும்மா போட்டு வைக்கவும் முடியாது, 5 வருடத்தில் எல்லா வீட்டையும் விற்காவிட்டால் முத்திரை வரி கழுத்தைப் பிடிக்கும் (பெரிய திட்டம் என்றால் கொஞ்சம் தவணை உண்டு).

ஈசூன்காரன்:
சரி, சந்தைதான் விலை சொல்கிறது என்றால் அது இறங்கும்போதும் கேட்க வேண்டாமா? மரீனா கார்டன்ஸ் கிரெசன்ட் நிலத்தைக் கேட்டு ஒரே ஒரு விண்ணப்பம், தளப்பரப்பில் சதுர அடிக்கு 984 வெள்ளி. போதாது என்று 2024 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். பக்கத்திலேயே மரீனா கார்டன்ஸ் லேன் நிலம் 2023இல் 1,402 வெள்ளிக்குப் போயிருந்தது. ஜூரோங் ஏரி வட்டாரத்தில் 640 வெள்ளி எழுதியவர்களுக்கும் 2024இல் அதே மறுப்புதான். ஏறினால் சந்தை விலை, இறங்கினால் அரசு மதிப்பீட்டாளர் சொல்லும் விலையா?

மலர்விழி:
ஒரே ஆள் வந்தால் அது போட்டியா? என் பழைய வீட்டை விற்றபோது முதலில் வந்தவர் கேட்ட விலைக்கு நான் தூக்கிக் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் மணி, பொதுப்பணம் என்று சொல்லி முடித்துவிட்டால் எப்படி? நிலம் விற்ற காசு நிதியிருப்புக்குப் போகிறது, அதை அப்படியே எடுத்துச் செலவழிக்க முடியாது, முதலீட்டு வருமானத்தில் பாதி வரைக்கும்தான் வரவு செலவுத் திட்டத்துக்கு வரும். வீடு வாங்கும் பிள்ளையோ இன்றைக்கே முழு விலையும் கொடுக்கிறான்.

கணக்கு மணி:
அது நியாயமான பேச்சு. ஆனால் இன்றைக்கே செலவழித்தால் 40 வருடம் கழித்து வருகிறவனுக்கு விற்க நிலமும் இருக்காது, காசும் இருக்காது.

ஈசூன்காரன்:
நான் இலவசமாகவா கேட்கிறேன்? சில நிலங்களிலாவது வீட்டின் உச்ச விலையை முன்னாலேயே எழுதிவிட்டு ஏலம் விடட்டும். முன்பு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நிலத்தைத் தனியாரிடம் கொடுத்து, கட்டி விற்கும் விலையையும் அவர்களிடமே விட்டார்கள். 2011இல் தெம்பனிஸில் ஐந்தறை வீட்டுக்கு 8,80,000 வெள்ளி வரை கேட்டார்கள், கூச்சல் கிளம்பி அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள்.

கணக்கு மணி:
உச்ச விலை வைத்தால் வீட்டுக்குக் கூட்டம் கூடிக் குலுக்கல்தான் போட வேண்டும், அதில் விழுந்தவன் மறுநாளே லாபத்துக்கு விற்பான்.

மலர்விழி:
மறுநாள் எப்படி விற்பான்? வீவக வீட்டைக் குறைந்தது 5 வருடம் விற்கக் கூடாது என்று இருக்கிறதே, அதை இதற்கும் போடுவதில் என்ன கஷ்டம்?