மயில்துத்தம் வெளுப்பது எந்த மாற்றம்: இயற்பியல் மாற்றமா, வேதிமாற்றமா?

பள்ளிமேசை:
மயில்துத்தத்தை (நீர் சேர்ந்த காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம்) சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைத்தூள் மிஞ்சுகிறது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடுகிறது. மீள்வதால் இது இயற்பியல் மாற்றம்தான். ஈரத்துணி காய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துலாக்கோல்:
எடை போட்டால் தெரியும், இது வேதிமாற்றம். துணியில் ஈரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். மயில்துத்தத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர், அவ்வளவுதான். 5 கிராம் எடுத்து மூசையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) மெதுவாகச் சூடாக்கினால் 1.80 கிராம் குறைந்து 3.20 நிற்க வேண்டும். 1.44 மட்டுமே குறைந்திருந்தால் கடைசி நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. நான்கு நீர் 110 டிகிரி செல்சியஸுக்குள் போய்விடும், ஐந்தாவதுக்கு 200 பக்கம் போகவேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துவரும்வரை சூடாக்கி ஆறவையுங்கள். ஆறும்போது மூடாமல் விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்து எடை ஏறும். தூள் கறுத்தால் தீ அதிகம்: காப்பர் ஆக்சைடு உருவாகி, மூச்சை அடைக்கும் கந்தக ஆக்சைடு வாயு வெளியேறுகிறது.

பள்ளிமேசை:
விகிதம் சரி. ஆனால் நீர் நீராகவே உள்ளே போய் நீராகவே வெளியே வருகிறது. படிகத்துக்குள் உறைந்து கிடக்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது?

துலாக்கோல்:
வெப்பக்கணக்கு இடம் கொடுக்காது. ஒரு மோல் நீர் (18 கிராம்) உறைந்தால் வெளிவருவது சுமார் 6 கிலோஜூல். வெள்ளைத்தூள் ஐந்து மோல் நீரை ஏற்கும்போது வருவது சுமார் 78, அதாவது மோலுக்குக் கிட்டத்தட்ட 16. நான்கு நீர் தாமிர அயனியோடு நேரடியாகப் பிணைகிறது, நீலமே அதனால்தான். ஐந்தாவது, சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கிறது.

கண்ணாடிப்பஞ்சு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், மீள்வதை வைத்து முடிவு கட்டுகிறவர்களுக்கு நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) நல்ல மருந்து. சூடாக்கினால் வெண்புகை, குழாயின் குளிர்ந்த பகுதியில் மறுபடி வெண்படிவு. கற்பூரம்போலப் பதங்கமாகிறது (உருகாமல் நேரே ஆவியாகிறது) என்றே பலரும் எழுதுகிறார்கள். குழாயின் நடுவே கண்ணாடிப்பஞ்சைத் தளர்வாக அடைத்து, மேலே ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை (காரம் பட்டால் நீலம், அமிலம் பட்டால் சிவப்பு) பிடியுங்கள். முதலில் நீலமாகும், பிறகு சிவப்புக்குத் திரும்பும். அம்மோனியாவும் (காரம்) ஹைட்ரஜன் குளோரைடும் (அமிலம்) பிரிந்துவிட்டன, லேசான அம்மோனியா (மூலக்கூறு எடை 17 எதிர் 36.5) பஞ்சைக் கடந்து முந்துகிறது. மேலே போனதும் இரண்டும் சேர்ந்து பழையபடி நவச்சாரம். முழுக்க வேதிமாற்றம், முழுக்க மீளக்கூடியது. பஞ்சை இறுக்கி அடைக்காதீர்கள், குழாய் வெடிக்கும்.

பள்ளிமேசை:
நவச்சாரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிணைப்பு உடைவதுதான் அளவுகோல் என்றால், சமையல் உப்பு கரைவதும் வேதிமாற்றம் ஆகிவிடுமே? அயனிப் பிணைப்பு உடைந்து, ஒவ்வோர் அயனியையும் நீர் சூழ்ந்துகொள்கிறது.

துலாக்கோல்:
சரியான இடத்தில் கைவைத்தீர்கள், அங்கே கோடு உண்மையிலேயே மங்கல். பிணைப்பை மட்டும் பார்த்து நான் பிரிக்க மாட்டேன். உப்புக்கும் நீருக்கும் நிலையான விகிதம் இல்லை, வற்றவைத்தால் அதே உப்பு கிடைக்கிறது. அதனால் இயற்பியல் பக்கம் வைப்பேன். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றுவதை அப்படிச் சொல்ல முடியாது: 56 கிராமுக்கு 18 கிராம் நீர், கொதிக்கும் அளவு சூடு, வற்றவைத்தாலும் மிஞ்சுவது நீறிய சுண்ணாம்பு.

பள்ளிமேசை:
அப்படியானால் உங்கள் அளவுகோலும் ஒன்றல்ல, மூன்று: விகிதம், வெப்பம், வற்றவைத்தால் மிஞ்சுவது. வகுப்பில் "மீளுமா" என்று கேட்பதை எடுத்துவிட்டு, "எடை என்ன விகிதத்தில் மாறியது" என்று கேட்கத் தராசு வேண்டும். எல்லாப் பள்ளியிலும் 0.01 கிராம் காட்டும் தராசு இருக்கிறதா?

கண்ணாடிப்பஞ்சு:
லிட்மஸ் தாளுக்குத் தராசு வேண்டாம்.