வைட்டமின் டி 11தான்: மகளுக்கும் எம்.எஸ். வந்துவிடுமா?

மன்னார்குடிக்காரன்:
போன தை மாதம் என் தங்கைக்கு ஒரு கண் மங்கியது. சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தோம். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய் என்றார்கள். அவளுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி 9தான், ரொம்பக் குறைவு. பயந்துபோய் என் 14 வயது மகளுக்கும் பார்த்தேன், 11. என் அம்மா இன்னமும் நடவுக்குப் போகிறார், வெயிலுக்கு இங்கே என்ன பஞ்சம்? ஆனால் பெண் ஏழரைக்கு வேன் ஏறினால் டியூஷன் முடிந்து இருட்டித்தான் வருகிறாள். அவளுக்கும் வந்துவிடுமா? ராத்திரியில் தூக்கமே இல்லை.

குடந்தை பிசியோ:
தம்பி, டி குறைந்தால் ஆபத்து கூடுகிறது என்பது நிஜம்தான். அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்த ரத்தத்தை வைத்து 2006இல் வந்த ஆய்வில், வெள்ளையர்களுக்கு டி மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் கூடினால் எம்.எஸ். ஆபத்து 41 சதவீதம் குறைந்திருந்தது. 20 வயதுக்கு முந்தைய அளவில் தொடர்பு இன்னும் பலம். கறுப்பினத்தவரிடம் அது தெளிவாகத் தெரியவில்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே நம் பிள்ளைகள் மேல் போட முடியாது. டி மட்டும் இந்த நோயைக் கொண்டுவராது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு ஆபத்து 32 மடங்கு என்று 2022இல் கண்டார்கள். அந்த வைரஸ் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பிலும் உண்டு, எம்.எஸ். வருவதோ மிகச் சிலருக்கு. டி குறைந்த பிள்ளைகள் இங்கே தெருவுக்கு நாலு பேர், எம்.எஸ். நோயாளிகளை 22 வருடத்தில் ஏழு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ரத்த சொந்தத்தில் இருந்தால் சற்றுக் கூடும், அவ்வளவே. 11ஐ எலும்புக்காகவாவது ஏற்றியே ஆக வேண்டும்.

திருவாரூர் அக்கா:
எனக்கு எம்.எஸ். வந்து ஒன்பது வருடம் தம்பி. வாரம் ஒன்று குடிக்கச் சொன்ன 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை, சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் குடித்தேன். இரண்டே மாதத்தில் வாந்தி, அடங்காத தாகம். கால்சியம் ஏறி சிறுநீரகம் வரை போய்விட்டது. மகளுக்கு டாக்டர் எழுதுகிற அளவு மட்டும் கொடுங்கள். தங்கை அவளுடைய எம்.எஸ். மருந்தை நிறுத்திவிட்டு டியை நம்பக் கூடாது. இன்னொன்று, வெயில் நல்லது என்று அவளைச் சித்திரை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். உடம்பு சூடேறினால் கண் மறுபடி மங்கும், குளிர்ந்ததும் தெளியும். எனக்கு அடுப்படியிலேயே அப்படி ஆகும்.

மன்னார்குடிக்காரன்:
அக்கா, நேற்று சமைக்கும்போது கண் மங்குகிறது என்று அழுதாள். நோய் முற்றுகிறதோ என்று பயந்தோம். இதை இப்போதே அவளிடம் சொல்கிறேன். மகளை நாளைக்கே டாக்டரிடம் காட்டுகிறேன்.