‘மல்லிகை’ என்று தேடினால் பூவே வருகிறது

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்துச் சிற்றிதழ்களில் வெளிவந்த கவிதைகளுக்கு ஓர் அடைவு தயாரித்து வருகிறேன். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ பற்றி இணையத்தில் என்னென்ன எழுதப்பட்டுள்ளன என்று தேடப்போய், மூன்று நாட்களாகப் பூச்செடி வளர்ப்பு, மணப்பெண் அலங்காரம், மல்லிகைப்பூ இட்லி ஆகியவற்றையே படித்துக்கொண்டிருக்கிறேன். 1975இல் தொடங்கிய ‘அலை’யைத் தேடினால் நிலைமை இன்னும் மோசம், கடலும் வானொலியும் திரைப்பாடல்களும் வந்து குவிகின்றன. ‘யாழ்ப்பாணம்’ என்று சேர்த்துப் பார்த்தேன். மாலை கட்டிக் கொடுப்பவர்களின் விளம்பரங்கள் கிடைத்தன. கழித்தல் குறியிட்டுப் ‘பூ’ என்ற சொல்லை விலக்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். பொதுச் சொல்லையே பெயராகக் கொண்ட படைப்புகளைத் தேட ஒழுங்கான வழி உண்டா? என் அடைவைப் பின்னர் பயன்படுத்துபவர்களுக்கும் இதே தொல்லை நேரக்கூடாது என்பதும் என் கவலை.

சுவடிப்பெட்டி எழுதியது:

தம்பி, பூவைக் கழிக்க வேண்டாம். அந்தச் சஞ்சிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்களில் பலர், அது பூத்தது, மணந்தது, வாடாதிருந்தது என்று ஒரு வரியாவது எழுதாமல் எழும்புவதில்லை. பூவை விலக்கினால் உங்களுக்கு வேண்டிய நல்ல கட்டுரைகளே முதலில் போய்விடும். விலக்குவதைவிடச் சேர்ப்பதே பயன் தரும். ஆனால் ‘இதழ்’ என்பதைச் சேர்த்தீர்களாயின் பழையபடி தோட்டத்துக்கே போய்ச் சேருவீர்கள், ஏனெனில் பூவுக்கும் இதழ் உண்டு. நம்மவர்கள் வழக்கமாக எழுதும் ‘சஞ்சிகை’ என்ற சொல்லைச் சேருங்கள். எந்தப் பூவுக்கும் சஞ்சிகை கிடையாது. ‘மல்லிகை ஜீவா’ என்று அவரை அழைத்த பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவதும் நல்லது. அவரது பதிப்பகமான ‘மல்லிகைப் பந்தல்’ என்பதை மட்டும் தனியே தேடாதீர்கள், கொடி படரவிடும் முறைகளே வரும். ‘வெளியீடு’ என்பதையும் உடன் சேர்க்க வேண்டும்.

விசைப்பலகை எழுதியது:

சுவடிப்பெட்டி ஐயா சொன்னதுடன் எழுத்துச் சிக்கலையும் கவனிக்க வேண்டும். மேற்கோள் குறி, எழுதியபடியே தேடச் சொல்லும் குறி என்பதால், ‘மல்லிகைச் சஞ்சிகை’ என்று ஒற்றுடனும் ‘மல்லிகை சஞ்சிகை’ என்று ஒற்றின்றியும் இருமுறை தேடுவது நல்லது. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளின் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யுனிகோடில் நீங்கள் எவ்வளவு தேடினாலும் அவை அகப்படா. வருடிப் படமாக மட்டும் ஏற்றிய பக்கங்களுக்கும் அதே கதிதான். ஆகவே பொதுத் தேடுபொறியை விட்டு, ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்குள் சென்று, இதழ்களின் பட்டியல் வழியாக ஒவ்வோர் இலக்கமாகப் பார்ப்பதே உறுதியான வழி. (அந்தத் தளத்தின் பெயரும் ஒரு பொதுச் சொல்தான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

உங்கள் அடைவில் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘விக்ரம்’ என்று 1986இலும் 2022இலும் வந்த இரண்டு படங்களிலும் நாயகன் கமல்ஹாசனே என்பதால், நடிகர் பெயரைச் சேர்த்தாலும் அவை பிரிவதில்லை. ஆண்டுதான் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு படைப்புக்கும் தனி எண் கொடுத்து, வகை, ஆண்டு, ஊர், ஆசிரியர் ஆகியவற்றை வெவ்வேறு கட்டங்களில் பதியுங்கள். தலைப்பு என்ற கட்டத்தில் அச்சில் உள்ளதைத் தவிர வேறெதையும் எழுத வேண்டாம்.

சுவடிப்பெட்டி எழுதியது:

ஆண்டு என்பது திரைப்படத்துக்குப் போதும், சஞ்சிகைக்குப் போதாது. பல்லாண்டு வந்த ஒன்றுக்குத் தொடங்கிய ஆண்டை மட்டும் குறித்தால், 1980களில் வந்த கவிதையைத் தேடுபவருக்கு அதனால் பயனில்லை. கவிதை வெளியான இலக்கத்தையும் மாதத்தையும் கட்டாயம் குறியுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ‘சஞ்சிகை’ என்று சேர்த்ததும் இட்லி போய்விட்டது. ‘அலை’யுடன் அதன் ஆசிரியர்களுள் ஒருவரான யேசுராசாவின் பெயரைச் சேர்த்தேன், கடல் வற்றிவிட்டது, ஆனால் சிலர் அவரை ‘ஜேசுராசா’ என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெயர்களின் வேறு எழுத்துவடிவங்களுக்கென்று அடைவில் இன்னுமொரு கட்டம் வரைந்துள்ளேன்.