இம்யூனோடாக்சின்: "ஏவுநச்சு" சரிவருமா?

எதிர்ப்பொருளோடு (antibody, குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதம்) நச்சை ஒட்டிச் செய்யும் புற்றுநோய் மருந்துக்கு உங்கள் கட்டுரை வரைவில் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்பதே பேச்சு.

> நோயெதிர்ப்பு நச்சு என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிவிடும்.

பழகிவிடும்தான் ஐயா, தப்பாகப் பழகிவிடுமே என்றுதான் கவலை. படிக்கிற மாணவர் நோயெதிர்ப்பைக் கெடுக்கிற நச்சு என்று எடுத்துக்கொள்வார். அப்படிக் கெடுக்கிற நச்சுகளும் இருக்கின்றன. அந்தப் பெயரை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

டிப்தீரியா நச்சுப்புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பகுதிகள்: ஒன்று செல்லைப் பற்றும், ஒன்று செல்லின் சவ்வு வழியே உள்ளே கடத்திவிடும், ஒன்று உள்ளே போய்ப் புரத உற்பத்தியை நிறுத்தும். கொல்லும் பகுதி ஒரே ஒரு மூலக்கூறு நுழைந்தாலும் செல் செத்துவிடும். ஆய்வாளர்கள் பற்றும் பகுதியை வெட்டியெடுத்து, அங்கே புற்றுச்செல்லைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை (இலங்கை நண்பர்களுக்குப் பிறபொருளெதிரி) ஒட்டுகிறார்கள். கணை பழையதுதான், குறி மட்டும் புதிது. ஏவுகணை போல ஏவுநச்சு, வினைத்தொகையாகவும் அமைகிறது. ஏவல், பில்லி, சூனியம் நினைவுக்கு வருகிறதாம் ஒருவருக்கு. வரட்டுமே, அதுவும் ஆள் பார்த்து அனுப்புவதுதானே!

ஒரு குறை உண்டு. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெனிலூக்கின் டிஃப்டிடாக்ஸ் என்ற புற்றுநோய் மருந்தில் எதிர்ப்பொருளே கிடையாது. டிப்தீரியா நச்சோடு இன்டர்லூக்கின்-2 என்ற, செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதம் ஒட்டியிருக்கிறது. ஏவுநச்சு என்றால் அதுவும் உள்ளே வந்துவிடும். துல்லியம் வேண்டிய இடத்தில் "எதிர்ப்பொருள் ஏவுநச்சு" என்று எழுதிக்கொள்ளலாம்.

வரைவில் இன்னும் சில திருத்தம். சோதனை நடந்தது சுண்டெலியில். வெறும் "எலி" என்றால் வேறு விலங்கு. மனிதக் கட்டியைச் சுண்டெலிக்குள் வளர்ப்பதற்கு "வேற்று ஒட்டு" என்று போட்டிருக்கிறீர்கள், "அயலின ஒட்டு" தெளிவாக இருக்கும். அந்த "அயலினம்" கண்ணில் பட்டால்தான் அடுத்த வரியில் உள்ள பிழையும் புரியும்: "கட்டி சுருங்கியது, எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே பாதுகாப்பானது." இயல்பான டிப்தீரியா நச்சு சுண்டெலிச் செல்லின் ஏற்பியில் (நச்சு பற்றவேண்டிய இடத்தில்) ஒட்டுவதே இல்லை. மனிதச் செல்லுக்கென்று செய்த எதிர்ப்பொருளும் பெரும்பாலும் சுண்டெலியின் உறுப்புகளைத் தொடாது. சுண்டெலி தப்பித்ததை வைத்து நோயாளிக்கு உறுதி சொல்ல முடியாது. "ஆகவே" என்பதிலிருந்து கடைசிவரை அடித்துவிடுங்கள்.

> பன்மை ஏவுநச்சுகளா, ஏவுநச்சுக்களா?

ஒற்று வேண்டாம். "நச்சுக்கள்" என்றால் யாரோ கள்ளில் விஷம் கலந்தது போல இருக்கிறது.